இயற்கைப் பொருள்களால் முட்டைக்குச் சாயமேற்றுதல்: பாத்திரத்தில் இருக்கும் நிறம் ஓட்டில் வராதது ஏன்?

லைப்சிக் நிலா
9 மார்ச் 2026

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வசிக்கிறோம். என் மகன் செல்லும் மழலையர் பள்ளியில், ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமையான ஏப்ரல் 2 அன்று, சமையலறைப் பொருள்களை மட்டும் கொண்டு சாயமேற்றிய ஆறு முட்டைகளை ஒவ்வொரு குடும்பமும் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த நாளை இந்நாட்டில் ‘பச்சை வியாழன்’ என்றே அழைப்பதால், ஆறில் ஒன்றாவது பச்சையாக இருக்க வேண்டும் என்பது ஐந்து வயது மகனின் நிபந்தனை. கடையில் விற்கும் சாய மாத்திரையை நீரில் கரைத்தால் பத்து நிமிடத்தில் முடியும் வேலைதான். ஆனால் அது கூடாது என்று பள்ளியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு நாள்களுக்கு முன் ஓர் ஒத்திகை பார்த்தேன். சந்தையில் வாங்கிய பழுப்பு ஓட்டு முட்டைகள் பன்னிரண்டை வேகவைத்து, பீட்ரூட், ஊதா முட்டைகோஸ், மஞ்சள்தூள் ஆகியவற்றைத் தனித்தனிப் பாத்திரங்களில் வினிகர் சேர்த்துக் காய்ச்சி, ஒவ்வொன்றிலும் நான்கு முட்டைகளை இட்டேன். பீட்ரூட் நறுக்கினால் மறுநாள் வரை விரல் சிவந்திருக்கிறதே, முட்டையும் செக்கச்செவேல் என்று வரும் என்று நம்பினேன். ஒரு மணி நேரம் கொதித்த பீட்ரூட் நீரிலிருந்து எடுத்தவை, ஈரம் காய்ந்ததும் அழுக்குத் துணியால் துடைத்தது போன்ற மங்கலான காவி நிறத்துக்கு மாறிவிட்டன. முட்டைகோஸ் நீர் திராட்சைச் சாறு போல அடர்ந்திருந்தது. அதில் அரை மணி நேரம் கிடந்த முட்டைகளோ சாம்பலும் பச்சையும் கலந்து திட்டுத்திட்டாக வந்தன. மஞ்சள் மட்டும் ஏறியது, ஆனால் விரலால் தேய்த்தால் தூளாக உதிர்கிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டியில் ஒன்று இருக்க, அகப்பையில் வேறொன்று வருகிறது.

நான் செய்த தவறு என்ன, எந்தப் பொருள் எந்த நிறத்தைத் தரும், இந்த முட்டைகளைப் பிறகு குழந்தைகள் உண்ணலாமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கோவை வாசகர்
9 மார்ச் 2026

சாயம் போதிய அளவு இறங்கவில்லை என்றே தோன்றுகிறது. பீட்ரூட்டை இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு நீரைப் பாதியாகச் சுண்டவையுங்கள். வினிகரையும் இரு மடங்காக்குங்கள். துணிக்குச் சாயமிடும்போது கொதி அதிகமானால் நிறம் ஆழமாகும் என்பது இப்பக்கத்தில் எல்லாரும் அறிந்தது.


சாயவேர்
10 மார்ச் 2026

சகோதரிக்கு வணக்கம். பருத்தி நூலுக்குச் சாயமிடும் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேலே நண்பர் சொல்லியிருப்பது துணிக்குப் பல வேளைகளில் பொருந்தும். முட்டைக்குப் பொருந்தாது, பீட்ரூட்டுக்கோ எதற்குமே பொருந்தாது. ஆகவே அந்த யோசனையைச் செயல்படுத்த வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

முட்டை ஓடு நூலைப் போன்ற இழை அன்று. அது ஏறக்குறைய 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருள். அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. கோழி இடும்போதே அத்துளைகளின் மேல் புரதத்தால் ஆன மெல்லிய பூச்சு ஒன்று படிந்துவிடுகிறது. அமெரிக்காவில் முட்டைகளைக் கழுவி விற்பதால் அப்பூச்சின் பெரும்பகுதி போய்விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ முதல் தரமான ‘ஏ’ வகை முட்டைகளைக் கழுவக் கூடாது என்பது விதி. ஆகவே உங்கள் கைக்கு வரும் முட்டையில் பூச்சு முழுதாக இருக்கிறது, அதுவும் இடத்துக்கு இடம் ஏறியும் இறங்கியும் இருக்கிறது. திட்டுத்திட்டாக நிறம் பிடித்ததற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். வேகவைப்பதற்கு முன் வினிகரில் நனைத்த துணியால் ஒவ்வொரு முட்டையையும் சீராகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை படிந்த விரலால் தொட்ட இடத்திலும் சாயம் பிடிக்காது.

வினிகரின் வேலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமிலம் ஓட்டின் மேற்பரப்பைச் சிறிதே அரித்துச் சொரசொரப்பாக்குகிறது. மேற்பரப்பில் எஞ்சியிருக்கும் புரதம் சாயத்தைப் பற்றிக்கொள்ளவும் துணைசெய்கிறது. முட்டையைச் சுற்றிச் சிறு குமிழிகள் எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது சுண்ணாம்பு கரையும்போது வெளியேறும் கரியமில வாயு. ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் போதும். அதை இரு மடங்கு, மும்மடங்கு என்று கூட்டினால், ஓட்டின் மேல்தோல் சாயத்தோடு சேர்ந்து உரிந்து வரும். வெறும் வினிகரில் ஓரிரு நாள் போட்டுவைத்தால் ஓடு முழுவதுமே கரைந்து, முட்டை தோல்பை போல ஆகிவிடும்.

இனி முட்டைகோஸுக்கு வருவோம். பெயரிலேயே முட்டையை வைத்திருக்கும் இந்தக் காய்தான் இக்கலையில் மிகவும் வேடிக்கையானது. அதன் நிறம் ஆந்தோசயனின் என்ற வகையைச் சேர்ந்தது; அமிலத்தில் இளஞ்சிவப்பாகவும், நடுநிலையில் ஊதாவாகவும், காரத்தில் நீலமாகவும் பச்சையாகவும் மாறும் இயல்புடையது. காய்ச்சிய நீரை மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாறும் மற்றொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போட்டு மகனுக்குக் காட்டுங்கள். நீங்கள் வினிகர் ஊற்றியதால் பாத்திரத்து நீர் சிவந்தது. ஆனால் சாயம் படியும் இடம் சுண்ணாம்பு. சுண்ணாம்பு தன்னைத் தொடும் அமிலத்தை முறித்துவிடுவதால், ஓட்டின் மேல் அதே சாயம் நீலமாகிவிடுகிறது. ஆகையால் வெள்ளை முட்டையைப் போட்டால் நீலம் வரும். பழுப்பு முட்டையின் காவிப் பின்னணியில் அந்த நீலம் பச்சையாகத் தெரியும். உங்கள் முட்டைகள் சாம்பற்பச்சையாக வந்தது தவறே அன்று. பாதி வழியில் எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். மகன் கேட்ட பச்சை அங்கேதான் இருக்கிறது.

பீட்ரூட்டின் சிவப்பு இந்த இனத்தைச் சேர்ந்தது அன்று. அது பீட்டலெயின் என்ற வேறு வகை. வெப்பம், ஒளி, காற்று மூன்றும் அதற்குப் பகை. நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் சிவப்பு சிதைந்து பழுப்பாகும். உங்கள் பாத்திரத்தில் நடந்தது அதுவே. பீட்ரூட்டைத் துருவி, இருபது நிமிடம் மட்டும் இளஞ்சூட்டில் வைத்து வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகு வெள்ளை முட்டையை அரை மணி நேரம் ஊறவிட்டால் மென்மையான ரோஜா நிறம் கிடைக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். என் கருத்தில், சிவப்பு வேண்டும் என்பவர்கள் பீட்ரூட்டை மறந்துவிடுவதே நல்லது.

மஞ்சளில் உள்ள கர்க்குமின் நீரில் ஏறக்குறையக் கரையாத பொருள். நீங்கள் கண்டது சாயம் படிந்த ஓடு மட்டுமன்று, அதன் மேல் ஒட்டிக்கொண்ட மஞ்சள்தூளும்தான். ஒரு லிட்டர் நீருக்கு மூன்று மேசைக்கரண்டி தூளைப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டிய பிறகு முட்டையை இடுங்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி நீர் கரைப்பது நமக்குத் தெரியும் என்பதால், அதே சிவப்பை முட்டையில் ஏற்றலாமே என்று எவருக்கும் தோன்றும்; எனக்கும் தோன்றியது. கார நிலை இருக்கும் வரைதான் அந்தச் சிவப்பு. காய்ந்தபின் கிடைத்தது மங்கலான துருநிறம். மஞ்சள் சாயம் ஒளியில் விரைவாக வெளுக்கும் என்பதால், அந்த முட்டைகளைச் சன்னலோரம் வைக்காதீர்கள்.

சாயமேற்றும் முறை இரண்டு. முட்டையைச் சாய நீரிலேயே வேகவைப்பது ஒன்று. வெந்து ஆறிய முட்டையை ஆறிய சாயத்தில் ஊறவைப்பது மற்றொன்று. முதல் முறை வெங்காயத் தோல், தேயிலை, காப்பி போன்றவற்றுக்கு ஏற்றது. முட்டைகோஸுக்கும் பீட்ரூட்டுக்கும் இரண்டாம் முறையே சரி. அரைக் கிலோ ஊதா முட்டைகோஸை நறுக்கி, ஒரு லிட்டர் நீரில் அரை மணி நேரம் மெல்லிய தீயில் வேகவைத்து வடிகட்டி, ஆறியதும் வினிகர் சேர்த்து, முட்டைகள் ஒன்றையொன்று தொடாதபடி இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். அரை மணியில் வெளிர்நீலம் கிடைக்கும். பத்து மணி நேரத்தில் அடர்நீலம் கிடைக்கும். எடுத்தவுடன் துடைக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போது கை பட்டால் நிறம் கையோடு வந்துவிடும். கம்பித் தட்டின் மேல் வைத்துத் தானே காயவிட வேண்டும். பாத்திரம் எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். அலுமினியமும் இரும்பும் நிறத்தைக் கெடுக்கும்.


சுகந்தி, மெல்பன்
11 மார்ச் 2026

வணக்கம். நான் மெல்பனில் கிரேக்கர்கள் நிறைந்த ஒக்லிப் பகுதியில் இருபது வருடங்களாக இருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டு யாயாவிடம் (கிரேக்கர்கள் பாட்டியை அப்படித்தான் அழைக்கிறார்கள்) பழகிய பழக்கத்தில் ஒவ்வொரு வருடமும் முட்டைக்குச் சிவப்புச் சாயம் இடுகிறேன். அவர்களுடைய முறையில் வேறு எந்த நிறத்துக்கும் இடம் இல்லை. பெரிய வியாழன் அன்று, அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய வியாழன் அன்று, எல்லா முட்டைகளும் சிவப்பாக வேண்டும். அது கிறிஸ்துவின் இரத்தத்தைக் குறிக்கும். அந்த நாளுக்கே ‘சிவப்பு வியாழன்’ என்ற பெயரும் உண்டு. நீங்கள் பச்சை வியாழன் என்று எழுதியதை வாசித்தபோது சிரிப்பு வந்தது. கிழக்குத் திருச்சபையின் நாள்காட்டி வேறு என்பதால், இந்த வருடம் அவர்களுடைய பாஸ்கா (ஈஸ்டர்) ஏப்ரல் 12 அன்றுதான் வருகிறது.

சிவப்புக்குத் தேவையானது வெங்காயத்தின் காய்ந்த மேல்தோல் மட்டுமே. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கியதிலிருந்தே யாயா ஒரு காகிதப் பையில் தோல்களைச் சேர்ப்பார். பொலித்தீன் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று எச்சரிப்பார். பன்னிரண்டு முட்டைக்குப் பதினைந்து வெங்காயத்தின் தோல் வேண்டும். சிவப்பு வெங்காயத் தோலில்தான் சிவப்பு வரும் என்று நானும் முதலில் நினைத்து ஏமாந்தேன். மஞ்சள்பழுப்புத் தோல் உள்ள சாதாரண வெங்காயமே செங்கல் நிறத்தையும், அதைத் தாண்டி நல்ல செம்மரப் பலகையின் நிறத்தையும் தரும். சிவப்பு வெங்காயம் போட்ட வருடம் எனக்குக் கிடைத்தது ஊதா கலந்த ஒரு மங்கலான பழுப்பு.

தோல்களை ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீரில் அரை மணித்தியாலம் கொதிக்கவைத்து வடித்து, அந்தச் சாயத்தை முழுவதுமாக ஆறவிடவேண்டும். இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி (வினிகர்) விட்டு, குளிர்பெட்டியிலிருந்து முன்பே எடுத்துச் சூழல் வெப்பத்துக்கு வந்துவிட்ட, இன்னும் அவிக்காத முட்டைகளை ஒரே அடுக்காக அடுக்கி, மெதுவாகச் சூடேற்றிப் பன்னிரண்டு நிமிடங்கள் அவிக்கவேண்டும். குளிர்ந்த முட்டையைச் சூடான சாயத்தில் போட்டால் வெடித்துவிடும். அவித்த பிறகும் நிறம் போதாவிட்டால், அந்தச் சாயத்திலேயே ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைக்கலாம். அடுப்பில் நேரத்தைக் கூட்டக்கூடாது. கூட்டினால் மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். இந்தச் சாயத்துக்குப் பழுப்பு முட்டை தடையல்ல. வெள்ளை முட்டையைவிட அதில்தான் சிவப்பு ஆழமாக வரும். காய்ந்ததும் பஞ்சில் ஒரு துளி ஒலிவ் எண்ணெய் தொட்டுப் பூசினால் கண்ணாடி போல மின்னும்.

யாயா சாயத்திலிருந்து முதலில் எடுக்கும் முட்டையை யாரும் உண்பதில்லை. அதை அடுத்த பாஸ்கா வரை திருவுருவப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். மிச்சம் எல்லாம் சனிக்கிழமை நள்ளிரவுப் பூசைக்குப் பிறகு உடைபடும். ஒருவர் ‘கிறிஸ்டோஸ் அனெஸ்டி’ (கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்) என்று சொல்லித் தன் முட்டையின் நுனியால் மற்றவருடையதை இடிப்பார். உடையாத முட்டை யாருடையதோ அவருக்கு அந்த வருடம் முழுவதும் நல்லது நடக்கும். என் சின்ன மகள் கூர்மையான முட்டையாகத் தேர்ந்தெடுக்கும் வித்தையை யாயாவிடமே கற்றுக்கொண்டு யாயாவையே தோற்கடித்தாள்.

உங்கள் மகனுக்கு இன்னொன்றும் பிடிக்கும். கொத்தமல்லி இலை ஒன்றை நனைத்து முட்டையில் விரித்து ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டால் இறுக்கிச் சுற்றிக் கட்டிச் சாயத்தில் இடுங்கள். அவிழ்க்கும்போது இலை இருந்த இடம் மட்டும் வெளிறி, நரம்பு உட்பட அச்சாகத் தெரியும். காலுறை தளர்வாக இருந்தால் சாயம் உள்ளே புகுந்துவிடும்.


சாயவேர்
11 மார்ச் 2026

சுகந்தி அவர்களின் பதிவு அருமையானது. அதில் ஒரு சிறு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். கிரேக்கத்தில் வெங்காயத் தோலுக்கு இணையாக ‘ரிசாரி’ என்ற வேரையும் முட்டைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது நம் மஞ்சிட்டியின் உறவுச் செடியின் வேர். அதன் சிவப்புக்குக் காரணமான பொருள் அலிசரின். சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் தோண்டியெடுத்த, நான் புனைபெயராக வைத்திருக்கும் சாயவேரிலும் அதே அலிசரின்தான் இருக்கிறது. ஐரோப்பியர் கப்பல் கப்பலாக ஏற்றிச்சென்ற நம் சிவப்புத் துணிகளின் நிறம் அது. அலிசரின் சிவக்க வேண்டுமானால் படிகாரமும் கால்சியமும் துணைநிற்க வேண்டும் என்பது சாயத்தொழிலாளர் அறிந்தது. முட்டை ஓட்டில் கால்சியத்துக்குக் குறைவில்லை.

லைப்சிக்கில் வேர் தேடி அலைய வேண்டாம். இந்திய மளிகைக் கடையில் பதிமுகம் கிடைத்தால் வாங்குங்கள். கேரளத்தில் குடிநீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் அந்த இளஞ்சிவப்பு மரச்சீவலே, இடைக்கால ஐரோப்பாவுக்கு ஆசியாவிலிருந்து ‘பிரசில்’ என்ற பெயரில் போய்க்கொண்டிருந்த சாயமரம். பின்னாளில் தென் அமெரிக்காவில் அதே சாயம் தரும் வேறொரு மரத்தைப் போர்த்துகீசியர் கண்டு, மரத்தின் பெயரையே அந்த நாட்டுக்கு வைத்துவிட்டார்கள். இந்தச் சாயத்தில் வினிகர் விடக் கூடாது. அமிலம் பட்டால் சிவப்பு மஞ்சளாகிவிடும். முட்டையை வினிகரால் துடைத்தபின் நல்ல நீரில் அலசிவிட்டு இடுங்கள். படிகாரம் சேர்த்தால் நிறம் இன்னும் அழுத்தமாகும், ஆனால் உண்ணப்போகும் முட்டைக்கு அது வேண்டாம். உள்ளீட்டை ஊதி வெளியேற்றிய வெற்று ஓடுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.


கோவை வாசகர்
12 மார்ச் 2026

என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று ஆர்வத்தில் நானும் இரண்டு நாமக்கல் முட்டைகளை எடுத்துச் செய்துபார்த்தேன். இங்கே கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வெள்ளை ஓட்டு முட்டைகள் என்பதால், நமக்கு இது எளிது. மாடியில் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூவை இரண்டு கைப்பிடி பறித்து வெந்நீரில் போட்டேன். நீர் மையைப் போல நீலமானது. வினிகர் விட்டதும் ஊதாவாக மாறியது. சாயவேர் ஐயா சொன்னது போலவே, ஓட்டில் படிந்தபோது மீண்டும் நீலமாகிவிட்டது. நான்கு மணி நேரத்தில் வானத்தின் நிறம் வந்தது. பூவின் காம்பையும் பச்சைப் புல்லியையும் கிள்ளிவிட்டுப் போட வேண்டும்.


லைப்சிக் நிலா
16 மார்ச் 2026

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இம்முறை வெள்ளை முட்டை ஆறும் பழுப்பு முட்டை ஆறும் வாங்கினேன். முட்டைகோஸ் நீரில் இரவு முழுவதும் கிடந்த வெள்ளை முட்டை அப்படியொரு நீலமாக வந்திருக்கிறது. பழுப்பு முட்டை, மகன் கேட்ட பச்சை. வெங்காயத் தோலில் வெந்தவை சுகந்தி அக்கா சொன்ன செங்கல் நிறத்தைத் தொட்டுவிட்டன, ஆனால் கொத்தமல்லி இலை நான்கில் ஒன்றில்தான் ஒழுங்காக அச்சாகியது.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. சென்ற ஆண்டு பவுட்சன் நகரில், கிழக்கு ஜெர்மனியின் ஸ்லாவிய சிறுபான்மையினரான சோர்பிய மக்கள் மெழுகால் கோலமிட்டு நிறமேற்றிய முட்டைகளைப் பார்த்தோம். அந்த முறையை இந்தச் சாயங்களோடு வீட்டில் செய்ய முடியுமா? அடுத்ததாக, உண்பது பற்றி எவரும் விரிவாகச் சொல்லவில்லை. பள்ளித் தோட்டத்தில் முட்டைகளை ஒளித்துவைத்துக் குழந்தைகளைத் தேடச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவற்றைத் தின்னக் கொடுக்கலாமா?


எல்பே கரையான், டிரெஸ்டன்
17 மார்ச் 2026

வணக்கம். உண்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முழுதாக வெந்த, ஓடு உடையாத முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை வைத்து உண்ணலாம். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை உண்ண வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. இங்குள்ள கடைகளில் விற்கும் வண்ண முட்டைகள் அடுக்குத் தட்டிலேயே பல நாள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றின் மேல் நுண்துளைகளை அடைக்கும் அரக்குப் பூச்சு இருக்கிறது. நம் வீட்டு முட்டையில் அது இல்லை, வினிகரால் துடைத்து இயற்கைப் பூச்சையும் அகற்றிவிட்டோம். ஆகவே ஊறவைப்பதும் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். வெந்தவுடன் குளிர்நீரில் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். திடீரென்று ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கி, வெளிநீரைத் துளைகள் வழியாக இழுக்கும். தோட்டத்தில் ஒளிப்பதற்கென்று நான்கும் தின்பதற்கென்று நான்கும் தனியாகச் செய்வது என் வழக்கம். ஒளித்தவற்றில் ஒன்றை நாங்கள் ஜூன் மாதத்தில் மூக்கால் கண்டுபிடித்த ஆண்டு ஒன்று உண்டு.

ஓட்டில் சிவப்பு மையில் அச்சிட்டிருக்கும் எண் சாயத்தின் ஊடாகவும் தெரியும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் இலக்கம் கோழி வளர்ந்த முறையைக் குறிக்கும். 0 என்றால் இயற்கைப் பண்ணை, 3 என்றால் கூண்டு. வாங்கும்போது அதைப் படித்துக்கொண்டு, வீட்டில் வினிகர்த் துணியால் அழுத்தித் தேய்த்தால் போய்விடும்.

மெழுகு முறைக்கு உங்களிடம் இப்போது இருக்கும் ஆறிய சாயங்களே மிகப் பொருத்தமானவை. தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகிவிடும்; ஆகவே கொதிக்கும் வெங்காயச் சாயத்தில் இட்டால் கோலம் கரைந்து மிதக்கும். லவுசிட்ஸ் பகுதியின் சோர்பியர் வாத்தின் இறகுத்தண்டை முக்கோணமாகவோ சாய்சதுரமாகவோ நறுக்கி, உருகிய மெழுகில் தொட்டு முட்டையில் ஒற்றி ஒற்றிக் கோலத்தை அமைக்கிறார்கள். புள்ளிக்குக் குண்டூசித் தலை போதும். மெழுகு ஒற்றிய இடத்தில் சாயம் பிடிக்காது என்பதால், முதலில் வெள்ளையாக இருக்க வேண்டியதை மூடி மஞ்சளில் ஊறவைக்க வேண்டும். மஞ்சளாக நிற்க வேண்டியதை அடுத்து மூடி, ஆறிய வெங்காயச் சாயத்திலோ முட்டைகோஸ் நீரிலோ இட வேண்டும். வெளிரிலிருந்து அடர்வுக்குத்தான் போக முடியும், திரும்பி வர முடியாது. கடைசியில் முட்டையை மெழுகுவத்திச் சுடரின் பக்கவாட்டில் காட்டி, மெழுகு பளபளக்கத் தொடங்கியதும் மென்துணியால் ஒற்றியெடுங்கள். சுடருக்கு மேலே பிடித்தால் கரி படியும். பாத்திக் துணி செய்யும் முறையும் இதுவே. உக்ரைனியரின் பிசாங்கா முட்டைகளும் மெழுகு முறையில் ஆனவைதான்; 2024இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் அவை சேர்ந்தன. அவர்கள் இறகுக்குப் பதிலாகச் சிறு புனல் பொருத்திய கோலால் கோடுகளாக வரைகிறார்கள்.

எச்சரிக்கையாக ஒன்று: மெழுகு வேலைக்குச் சாயத்தில் வினிகரைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை ஊறவைக்கும்போது மூன்று முறையும் ஓடு அரிபடும். என் முதல் முட்டையில் மெழுகுக் கோலம் சாயத்தோடு சேர்ந்து செதிளாக உதிர்ந்துபோனது.


லைப்சிக் நிலா
3 ஏப்ரல் 2026

நேற்று ஆறு முட்டைகளும் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன: நீலம் இரண்டு, வெங்காயச் சிவப்பு இரண்டு, பச்சை ஒன்று, மெழுகுப் புள்ளியிட்ட மஞ்சள் ஒன்று. பச்சைக்காகப் பழுப்பு முட்டையை முட்டைகோஸ் நீரில் வைத்ததோடு, ஒரு வெள்ளை முட்டையை அரை மணி நேரம் மஞ்சளில் வைத்தெடுத்து, முட்டைகோஸ் நீரில் சில நொடிகள் மட்டும் தோய்த்தும் பார்த்தேன். கிளிப்பச்சை வந்தது, ஆனால் கண் இமைக்கும் நேரம் கூடுதலாக விட்டாலும் பாசி நிறத்துக்குப் போய்விடுகிறது. பதிமுகம் இங்குள்ள கடையில் கிடைக்கவில்லை. இறகுத்தண்டு எனக்கு வசப்படாததால் குண்டூசித் தலையோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டில் தின்பதற்கு வைத்திருந்த நீல முட்டைகளை உரித்தபோது, ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்த இடங்களிலெல்லாம் வெள்ளைக்கருவில் நீலக் கோடுகள் ஓடியிருந்தன. மகன் அவற்றை ஆறு என்றும் கிளையாறு என்றும் பெயர் சொல்லிக்கொண்டே தின்று முடித்தான். வெங்காயத் தோலை இன்றே ஒரு காகிதப் பையில் சேர்க்கத் தொடங்கிவிட்டேன், சுகந்தி அக்கா.